யாராவது ஒருவர்

சாரணர் இயக்கத்தில் பத்து வயதில் சேரும் பையனின் முன்னால் ஓர் ஏணியைச் சாய்த்து வைக்கிறார்கள். பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திருதீய சோபான், அதற்கு மேல் மாநில ஆளுநரின் பெயரால் வரும் ராஜ்ய புரஸ்கார், உச்சியில் ராஷ்டிரபதி ஸ்கவுட். பெண்ணாக இருந்தால் ராஷ்டிரபதி கைடு. கடைசிப் படியில் கிடைப்பது குடியரசுத் தலைவரின் கையெழுத்து தாங்கிய ஒரு சான்றிதழும், சட்டைக் கையில் தைத்துக்கொள்ள ஒரு துணி பேட்ஜும். பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஏணி உங்களுடையது அல்ல.

சிக்கல் என்னவென்றால், மேல் இரண்டு படிகளும் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வருகின்றன. ஹைதராபாத்தில் அந்த வயதை வேறு ஒருவர் ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்துவிட்டார். ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் வகுப்புகள் இங்கே ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றன. நல்லகுண்டாவில் சுக்கா ராமையா ஐ.ஐ.டி. வகுப்பு நடத்திய காலத்தில் அதில் சேருவதற்கே ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அந்த நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யத் தனிப் பயிற்சி நிலையங்கள் இருந்தன. வெளியூர்க்காரர்கள் இதை நகைச்சுவை என்று நினைப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் விலாசம் கேட்பார்கள்.

என் தங்கை மகளுக்கு ஒரே பையன். ஒன்பதாம் வகுப்பு. ராஜ்ய புரஸ்கார் வரை ஏறிவிட்டான். இனி இதை விட்டுவிட்டுப் படிப்பைக் கவனிக்க வேண்டும் என்பது அவன் அப்பாவின் முடிவு. அம்மாவுக்கு இரண்டு மனது. தீர்ப்புக்காக என்னிடம் வந்தாள். குடும்பத்தில் அந்த பேட்ஜ் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். 1979ல் வாங்கியது. சான்றிதழில் இருப்பது நீலம் சஞ்சீவ ரெட்டியின் கையெழுத்து.

"மாமா, ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. அதனால உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

சுற்றி வளைக்காத கேள்வி. நானும் சுற்றி வளைக்காமல்தான் யோசித்துப் பார்த்தேன்.

வேலை கிடைக்கவில்லை. வங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் அந்த வரியைப் பார்த்த ஒருவர், "ராஷ்டிரபதி ஸ்கவுட் என்றால் ஜனாதிபதி மாளிகையில் காவல் நிற்பீர்களா?" என்று கேட்டார். விளக்கினேன். "ஓஹோ" என்றார். அடுத்து ரிசர்வ் வங்கியின் ரொக்க இருப்பு விகிதம் பற்றிக் கேட்டார்கள். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் அந்தச் சான்றிதழைப் பற்றி யாரும் பேசியது அந்த ஒரு நாள்தான்.

ஆனால் என் கதை மட்டுமே கதை அல்ல. எங்கள் பேட்ரோலில் எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் மகன். செகந்திராபாத் ரயில்வே குடியிருப்புகளில் அன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ரயில்வேயில் சாரணர்களுக்கென்று ஓர் ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு மண்டலத்திலும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய இடங்கள். விண்ணப்பிக்கவே ராஷ்டிரபதி ஸ்கவுட் தகுதியோ, சாரண ஆசிரியர்களுக்கான ஹிமாலயன் வுட் பேட்ஜோ தேவை. அதில் அவன் தென் மத்திய ரயில்வேயில் சேர்ந்தான். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தான். அந்தத் துணி பேட்ஜின் மதிப்பு என்ன என்று அவனைக் கேட்டால் ரூபாயில் சொல்வான். அதைக் கேட்டு முகம் சுளிக்க எனக்கு உரிமை இல்லை. கேரளத்தில் இந்த விருதுகளுக்காகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கருணை மதிப்பெண் கொடுக்கும் வழக்கமே இருந்துவருகிறது. அமெரிக்காவில் இதற்கு இணையான ஈகிள் ஸ்கவுட் தகுதியுடன் ராணுவத்தில் சேருகிறவருக்குத் தொடக்கச் சம்பளமே ஒரு படி கூட. சேவையைச் சந்தையில் விற்கலாமா என்ற கேள்வி எங்கும் இருக்கிறது. விற்றுத்தான் வந்திருக்கிறார்கள்.

விற்பனை கூடினால் சரக்கு கெடும் என்பதும் உண்மை. நான் புரட்டிப் பார்த்த சில லாக்-புக்குகளில் அம்மாவின் கையெழுத்து இருந்தது. ஒன்றில் நடைப்பயண வரைபடத்தை அச்சகத்தில் கொடுத்து வண்ணத்தில் வாங்கியிருந்தார்கள். நடந்த அறிகுறி மட்டும் இல்லை.

சரி, வேலை கிடைக்கவில்லை. கற்றுக்கொண்ட விஷயங்களாவது நிலைத்தனவா? இதில்தான் எனக்கே வியப்பு. நாங்கள் கற்ற முதலுதவியில் பாதி இன்று செல்லாது.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, ரத்தத்தை வெளியேற்று என்று மனப்பாடம் செய்தோம். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடவே கூடாது என்கிறது இன்றைய மருத்துவம். தண்ணீரில் மூழ்கியவனைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை அழுத்தி, முழங்கைகளைத் தூக்கும் ஹோல்கர் நீல்சன் முறையை மணிக்கணக்கில் பழகினோம். மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 1960லேயே வெளியிட்டுவிட்டார்கள். செகந்திராபாத்தில் எங்கள் கைக்கு வந்த புத்தகத்துக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கவில்லை.

திசைகாட்டி? ஒரு முறை கோல்கொண்டாவிலிருந்து கண்டிப்பேட்டை வரை, இன்னொரு முறை மாதாப்பூர்ப் பாறைகளின் வழியாக துர்கம் செருவு வரை, திசைகாட்டியும் வரைபடமும் வைத்துக்கொண்டு நடந்தோம். சீதாப்பழப் புதர்களும், ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவைத்தது போன்ற கருங்கல் பாறைகளும்தான் அடையாளம். ஆனைப்பாறை, தொப்பிப்பாறை என்று பெயர் வைத்து வரைபடத்தில் குறித்தோம். 1998ல் அந்தப் பக்கம் சைபர் டவர்ஸ் எழுந்தது. என் வரைபடத்தில் உள்ள பாறைகளில் பாதிக்கு மேல் இன்று அஸ்திவாரக் குழிகளில் ஜல்லியாகக் கிடக்கின்றன. அதை வைத்துக்கொண்டு இப்போது நடந்தால் ஏதாவது ஒரு கம்பெனியின் காவலாளி நிறுத்திவிடுவார்.

மிச்சம் இருப்பது முடிச்சுகள். முடிச்சு கட்ட செல்போனே சொல்லிக்கொடுக்கிறது.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் 2020 அக்டோபர் 13ஆம் தேதி இரவு. ஹைதராபாத்வாசிகளுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டாம். நகரைச் சுற்றிச் சில இடங்களில் ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஏரிகளுக்கு ஏரி தண்ணீர் போகும் கால்வாய்களில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர் இது. தண்ணீர் பழைய வழியைத் தேடி வந்தது.

மல்காஜ்கிரியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் நாற்பது வீடுகள். இந்த ஊரில் தரைக்குக் கீழே இருக்கும் கார் நிறுத்தத்தை 'செல்லார்' என்பார்கள். அதன் மூலையில் ஓர் அறை. அதில்தான் வாட்ச்மேன் குடும்பம் வசிக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதே அமைப்புதான். நாற்பது குடும்பங்களின் பத்திரத்துக்குப் பொறுப்பானவனை நாற்பது குடும்பங்களுக்கும் கீழே வைக்கும் கட்டடக் கலை. அன்றிரவு செல்லாரில் இடுப்பளவு தண்ணீர். சரிவுப் பாதை வழியே தெருவின் வெள்ளம் இன்னும் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் கேட்டருகில் இருந்தார். அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அறைக்குள். தண்ணீரின் அழுத்தத்தில் கதவைத் திறக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்கிறது.

படிக்கட்டில் நாங்கள் இருபது பேர் நின்றிருந்தோம். யாரும் கெட்டவர்கள் அல்ல. எல்லோரும் பதறினார்கள். "யாராவது போங்க", "யாராவது ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க", "யாராவது கயிறு கொண்டு வாங்க" என்று தெலுங்கிலும் இந்தியிலும் தமிழிலும் குரல்கள். 'எவரைனா', 'கோயி', 'யாராவது'. மூன்று மொழிகளிலும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்: நான் இல்லை.

மின்சாரம் போயிருந்தது. முதல் மாடி இளைஞர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கப் போனார். அப்போதுதான் என் வாயிலிருந்து ஓர் அதட்டல் வந்தது. எனக்கே பழக்கமில்லாத, நாற்பது வருடத்துக்கு முந்தைய குரல். மின்சாரம் போனால் எங்கள் ஜெனரேட்டர் தானாக இயங்கத் தொடங்கும். செல்லாரின் மின் பலகை தண்ணீரைத் தொடும் உயரத்தில் இருக்கிறது. "நீங்க இறங்காதீங்க. நீ, சிவப்பு பனியன், ஜெனரேட்டரை ஆஃப் பண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்லு. நீங்க ரெண்டு பேரும் மொட்டை மாடியில பெயிண்டர் விட்டுட்டுப்போன கயிறு இருக்கு, எடுத்துட்டு வாங்க. அம்மா, நீங்க ஃபயர் சர்வீஸுக்கு ஃபோன் போடுங்க; அவங்க எடுக்கற வரைக்கும் விடாதீங்க." ஒவ்வொருவரையும் விரலால் சுட்டிச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஆள் சொல்லிவிட்டால் மனிதர்கள் ஓடுகிறார்கள்.

கயிறு நைலான். சாதாரண முடிச்சு வழுக்கும். இருட்டில், அந்த இளைஞரின் இடுப்பில் பௌலைன் முடிச்சைப் போட்டு, நுனியை ஒரு சுற்று கூடுதலாகக் கட்டினேன். சுருங்காத வளையம், எவ்வளவு இழுத்தாலும் வயிற்றை இறுக்காது. முயல் வளையிலிருந்து வெளியே வந்து மரத்தைச் சுற்றித் திரும்ப வளைக்குள் போகும் என்று சிறுவர்களுக்குக் கதையாகச் சொல்லிக்கொடுப்போம். கதை எனக்கு மறுநாள் காலையில்தான் நினைவுக்கு வந்தது. கை அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தது. நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவர் போய் ஜன்னல் கம்பியை நெம்பி, முதலில் குழந்தைகளையும் பிறகு அந்தப் பெண்ணையும் கொண்டுவந்தார். தைரியம் அவருடையது. தீயணைப்புப் படை விடியற்காலையில் வந்தது. அவர்களுக்கு அன்று ஊரெல்லாம் வேலை.

என் தங்கை மகளின் கேள்விக்கு இதுதான் பதில் என்று சொல்லிவிட முடியாது. நாற்பது ஆண்டுகளில் ஒரு ராத்திரி. அதற்காக ஒரு பையனின் ஒன்பதாம் வகுப்பை அடகு வைக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அது முகாமில் பாட்டுப் பாடியதால் வந்ததல்ல. கீழ்ப் படிகளில் சீருடை, விசில், கேம்ப் ஃபயர் எல்லாம் இருக்கும். அங்கே கூட்டம் அதிகம். மூன்றாம் படிக்கு மேல் கூட்டம் கரைந்துவிடும். ஏனென்றால் அங்கிருந்து வேலை மாறுகிறது: எட்டுச் சின்னப் பையன்களை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு மாஸ்டர் தூரப் போய் உட்கார்ந்துகொள்வார். மழையில் அடுப்பு எரியாவிட்டால், பாத்திரமில்லாமல் களிமண் பூசிச் சுட்ட உருளைக்கிழங்கு வேகாவிட்டால், பட்டினி கிடப்பது எட்டுப் பேர். "யாராவது விறகு கொண்டு வாங்கடா" என்று கத்தினால் ஒருவனும் நகர மாட்டான் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்வீர்கள். பதினான்கு வயதில் அந்தச் சொல்லை நாக்கிலிருந்து பிடுங்கி எறிகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனை நடத்திய உயிர்காப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். பழையது செல்லாது என்று தெரிந்த பிறகு புதியதைப் படிக்காமல் எப்படி இருப்பது? நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்தச் சொல்லிக்கொடுத்த இளம் டாக்டர், அதற்கு முன் இன்னொன்றைச் சொன்னார்: "யாராவது 108-ஐக் கூப்பிடுங்கள் என்று கத்தாதீர்கள். ஓர் ஆளைக் கைகாட்டிச் சொல்லுங்கள்." 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த ஊர் இது. அந்த ஊரிலும் கூப்பிட ஒரு விரல் வேண்டியிருக்கிறது. அதே வகுப்பில் பாம்புக்கடி பற்றியும் கேட்டேன். கடிபட்ட காலை எலும்பு முறிந்தது போல அசையாமல் சிம்பு வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றார். சிம்பு கட்டத்தான் எங்களுக்கு நன்றாகத் தெரியுமே. பிளேடு போனது, கட்டு மிஞ்சியது.

பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரு வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஆயுள் முழுதும் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் சுமார் பத்தாயிரம் பேரைப் பற்றிய ஆய்வு ஒன்றை எடின்பரோ, கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்டார்கள். சிறு வயதில் சாரணராகவோ கைடாகவோ இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் மனப்பதற்றம், மனநிலைக் கோளாறுகள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாம். இந்த எண்ணை என் தங்கை மகளின் கணவருக்கு அனுப்பினேன். எண்கள் அவருக்குப் பிடிக்கும். "இது சும்மா சேர்ந்தவங்களுக்கும் பொருந்துது மாமா, உச்சிக்கு ஏறணும்னு எங்க சொல்லியிருக்கு?" என்று பதில் போட்டார். சரியான கேள்விதான். அந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை.

இந்த உச்சிக்கு இந்தியப் பையன்கள் ஏறலாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை. பேடன் பவல் 1907ல் பிரௌன்சி தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு முகாம் போட்டார். இரண்டே வருடத்தில் இயக்கம் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். சென்னையில் அன்னி பெசன்டும் அருண்டேலும் இந்தியப் பையன்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கினார்கள். வடக்கே மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் சேவா சமிதிச் சாரணர் படையை அமைத்தார்கள். பல கிளைகள் ஒன்றாகி பாரத் ஸ்கவுட்ஸ் அண்டு கைட்ஸ் ஆனது 1950 நவம்பர் 7ல். மறு ஆண்டு கைடுகளும் சேர்ந்தார்கள். 1953ல் அதன் முதல் தேசிய ஜாம்பூரி நடந்ததே ஹைதராபாத்தில்தான். எங்கள் மாஸ்டர் அதில் கூடாரம் அடித்தவர். அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 2025ல் வைர விழா ஜாம்பூரி நம் மணப்பாறையில் நடந்தது. ஆக, இந்த ஏணி நமக்குச் சும்மா வந்ததல்ல, கேட்டு வாங்கியது.

தங்கை மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பயிற்சி நிலையத்தில் அவன் செய்யும் ஒவ்வொன்றையும் செய்யவைக்க ஓர் ஆள் பின்னால் நிற்கிறார். வாரத் தேர்வு, தரப் பட்டியல், வார்டன், அப்பா. முகாமில் அவன் பின்னால் யாரும் இல்லை. இரண்டிலும் இருந்து பார்க்கட்டும். வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதானே. அவள் யோசிக்கிறேன் என்றாள். பையனைக் கேட்டேன். "தாத்தா, எனக்கு டெஸ்ட் கேம்ப் போகணும். ரேங்க் கொஞ்சம் குறைஞ்சா பரவாயில்ல" என்றான், அப்பா காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அவனுக்குச் சோதனை வைக்கப்போவது யார் என்று விசாரித்தேன். ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன என் பழைய பேட்ரோல் நண்பனேதான். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகும் சோதனை முகாம்களுக்குப் போய்வருகிறான். மிகக் கண்டிப்பு என்று பெயர். இரண்டு தடிகளையும் இரண்டு சட்டைகளையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்யச் சொல்வானாம். செய்து முடித்ததும் பொத்தான்களை இழுத்துப் பார்ப்பதில்லை, மார்க் ஷீட்டில் எழுதுவதுமில்லை. எங்கள் காலத்துச் சோதகர் செய்ததைத்தான் அவனும் செய்கிறான்: செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்ணூறு கிலோ உடம்போடு அதில் படுத்துக்கொண்டு, "தூக்கு" என்கிறான்.